999 துண்டுகளில் ஒசிரிஸின் சபை: ஒரு படப்புதிரின் மதிப்புரை

சென்ற மார்கழி விடுமுறைக்கு என் பேத்தி எங்கள் வீட்டில் வந்து நின்ற மூன்று கிழமைகளிலும் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. கைத்தொலைபேசியை அவள் கீழே வைப்பதற்கு ஏதாவது ஒரு வழி வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு யாழ்ப்பாண நகரிலுள்ள கடையொன்றில் நான் வாங்கிய ஆயிரம் துண்டு ஜிக்சோ படப்புதிரைப் பற்றியது இந்த மதிப்புரை. விலை 4,600 ரூபாய். பெட்டியின் மேல் ‘எகிப்தின் மரணத் தெய்வங்கள்’ என்று ஆங்கிலத்தில் பொன்னிற எழுத்துகள் பளபளத்தன. பணம் வாங்கிய தம்பி பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “விடுமுறைக்கு வந்த பிள்ளைக்குச் செத்தவீட்டுப் படமே அம்மா வாங்கிக் குடுக்கிறியள்?” என்று கேட்டார். பக்கத்துத் தட்டில் பூனைக்குட்டிகளும் பனிமலைகளும் இருக்க, நரித்தலையும் முதலைவாயும் கொண்ட பெட்டியை நான் எடுத்ததற்கு அப்போது என்னிடம் நல்ல காரணம் எதுவும் இருக்கவில்லை. பதினொரு நாள் அந்தப் படத்தோடு இருந்த பிறகு இப்போது இருக்கிறது.

படம் இக்காலத்து ஓவியர் எவரும் கற்பனையாக வரைந்தது அன்று. கி.மு. 1275 அளவில், 19ஆம் வம்சத்து மன்னன் முதலாம் சேத்தியின் அரச எழுத்தராக இருந்த ஹூநெஃபர் என்பவருக்காக எழுதப்பட்டு, இன்று இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் பாப்பிரஸ் என்னும் கோரைத்தாள் சுருளின் தீர்ப்புக் காட்சியே அது; இறந்தவரின் இதயத்தை நிறுத்துப் பார்த்து, இறந்தோரின் தெய்வமான ஒசிரிஸின் சபையில் அவரை ஏற்பதா என்று முடிவு செய்யும் காட்சி. இவ்வகைச் சுருள்களை நாம் ‘இறந்தோர் நூல்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரே நூலும் அன்று, அந்தப் பெயர் எகிப்தியர் வைத்ததும் அன்று. இறந்தவர் மறுமையில் வழி தெரிந்து நடப்பதற்கான மந்திரங்கள் பலவற்றிலிருந்து, கையில் வசதி உள்ளவர் தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து எழுதுவித்துக் கல்லறைக்குள் எடுத்துச் சென்றார்கள். 1842இல் அதன் ஒரு படியைப் பதிப்பித்து மந்திரங்களுக்கு எண்ணும் இட்ட ஜெர்மனிய அறிஞர் லெப்சியஸ் இட்ட பெயரே உலகம் முழுவதும் பரவிவிட்டது. எகிப்தியர் அதை அழைத்த பெயர் ‘பகலில் வெளிப்படுதல்’ என்று பொருள்படும். பெட்டியின் மேலுள்ள பொன்னெழுத்துகளை அச்சிட்டவர்கள் இந்த ஒரு பெயரை அறிந்திருந்தால் தலைப்பை வேறு விதமாக வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பொருளின் தரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். துண்டுகள் தடித்த மட்டையில், ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும்படி சுத்தமாக வெட்டப்பட்டுள்ளன. மழைக்கால ஈரலிப்பில் சில துண்டுகளின் ஓரம் இலேசாக ஊதியது. ஆனால் மேற்படலம் உரியவில்லை. பளபளப்பு இல்லாத அச்சு என்பதால் விறாந்தையின் பகல் வெளிச்சத்திலும் கண் கூசவில்லை. முழுப்படம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. சாப்பாட்டு மேசையில் வைத்தால் பதினொரு நாளும் நிலத்தில் பாய் விரித்துத்தான் சாப்பிட வேண்டும். நாங்கள் அப்படித்தான் சாப்பிட்டோம். துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவதற்கு மூன்று சுளகுகள் போதுமாயின. மின்விசிறி வேகமாகச் சுழன்றாலும் துண்டுகள் பறக்கவில்லை என்பதையும், அடுக்கி முடிந்த பகுதியைத் தூக்கி நகர்த்தினாலும் கழன்று விழவில்லை என்பதையும் இதன் சிறப்பாகச் சொல்வேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் பாப்பிரஸ் மஞ்சள் நிறமே என்பதால் கடினமான புதிர்தான். அந்த மஞ்சளுக்குள் நெடுக ஓடும் சித்திர எழுத்து நிரல்கள் மட்டும் இல்லாதிருந்தால் நான் மூன்றாம் நாளே கைவிட்டிருப்பேன்.

இடது ஓரத்திலிருந்து தொடங்கினோம். வெள்ளாடை அணிந்த ஹூநெஃபரை நரித்தலை கொண்ட அனுபிஸ் கையைப் பிடித்து அழைத்து வருகிறான். அவனுடைய மறு கையில் இருப்பது உயிரைக் குறிக்கும் ‘அங்க்’ என்னும் சின்னம். எருமையையும் பாசக்கயிற்றையும் கண்டு வளர்ந்த நம் கண் இந்த இடத்தில் தடுமாறிப் போகிறது. நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையை ஒலிபெருக்கி இருக்கும் இடத்துக்குக் கூட்டிச் செல்லும் தொண்டரைப் போலத்தான் அனுபிஸ் நடக்கிறான். உயிரை எடுப்பது அவன் தொழிலே அன்று. இறந்த உடலை அழியாமல் பதப்படுத்துவதும், கல்லறையைக் காப்பதும், வந்தவரைச் சபைக்கு வழிகாட்டுவதுமே அவனுக்குரிய பணிகள். எகிப்திய மொழியில் அவன் பெயர் இன்பு. அனுபிஸ் என்பது கிரேக்கர் வாயில் திரிந்த வடிவம். ‘தன் மலைமேல் இருப்பவன்’, ‘புனித நிலத்தின் தலைவன்’ என்ற அடைமொழிகளும் அவனுக்கு உண்டு. பாலைவன ஓரத்து இடுகாடுகளில் நரிகள் பிணங்களைத் தோண்டித் திரிந்ததைக் கண்டவர்கள், கேடு செய்யும் அந்த விலங்கையே காவலுக்கு வைத்தார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஆட்டுக்கொட்டிலுக்கு நரியைக் காவல் வைத்த கதை என்று நாம் சிரிப்போம். ஆனால் ஊர்க்காவலை முரடனிடமே ஒப்படைக்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று. எகிப்தில் நரி என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த விலங்கு உண்மையில் ஓநாய்களுக்கு நெருங்கிய தனி இனம் என்பதை 2015இல் மரபணு ஆய்வு காட்டியது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

அனுபிஸின் கறுப்பைப் பற்றி என் பேத்தி கேட்ட கேள்வி நியாயமானது. “நரி கறுப்பில்லையே அம்மம்மா, ஏன் கறுப்பா கீறியிருக்கினம்?” என்றாள். அது துக்கத்தின் நிறமும் அன்று, பயமுறுத்தும் நிறமும் அன்று. ஆண்டுதோறும் நைல் பெருகி வடிந்த பின் வயலில் தங்கும் வண்டல் மண்ணின் நிறம் அது; தம் நாட்டையே ‘கெமெத்’, அதாவது கரிய நிலம், என்று அழைத்தவர்களுக்கு அது மீண்டும் முளைப்பதன் நிறம். பதப்படுத்திய உடல் அடையும் நிறமும் அதுவே. உடலை நேட்ரன் என்னும் உப்பில் உலர்த்தித் துணி சுற்றி முடிக்க 70 நாள் எடுத்தது என்று சொன்னபோது அவள் நம் வீட்டு அந்தியேட்டிக்கு 31 நாள் என்று கணக்கிட்டு ஒப்பிட்டாள். நான் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. ஒப்பிடுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்றாலும் பிள்ளை நாட்களை எண்ணியது நன்றாகவே இருந்தது.

நான்காம் நாள் தராசுக்கு வந்தோம். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புதிரின் துண்டு வெட்டும் இங்கே மிகவும் பொருத்தமாக அமைந்திருக்கிறது. ஒரு தட்டில் சிறு குடுவை வடிவில் ஹூநெஃபரின் இதயம். மறு தட்டில் மாஅத்தின் இறகு. மாஅத் என்பது உண்மை, நீதி, உலக ஒழுங்கு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய தெய்வம், இறகு தீக்கோழியினுடையது. கீழே முழங்காலிட்டுத் தூக்குக்குண்டைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவன் மறுபடியும் அனுபிஸ். ஒரே படத்தில் இரண்டு அனுபிஸ் ஏன் என்று துண்டுகளைத் தேடும்போது குழம்பிப்போனோம். ஒருவரையே அடுத்தடுத்த கட்டங்களில் ஒரே பரப்பில் வரைந்து கதை சொல்லும் முறை அது. நம் கோயில் சுவரோவியங்களிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைவு வந்த பிறகு குழப்பம் தீர்ந்தது. உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கு வழியாக எடுத்து எறிந்துவிட்டு, இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டு வைத்த மக்கள் அவர்கள். நினைப்பதும் நினைவில் வைத்திருப்பதும் இதயமே என்று நம்பினார்கள். ஆகவே அதற்கு வாய் திறக்கவும் தெரியும் என்று பயந்தார்கள். ‘என் தாயிடமிருந்து பெற்ற என் இதயமே, எனக்கெதிராகச் சாட்சி சொல்ல எழாதே’ என்று வேண்டும் 30ஆ என்னும் மந்திரத்தைப் பச்சைக்கல்லில் செதுக்கிய வண்டு வடிவத்தின் அடியில் பொறித்து மார்பின் மேல் வைத்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகுமுன் தன் சொந்தச் சாட்சியையே கெஞ்சி நிறுத்தும் இந்த மனிதப் பயத்தை அறிந்த பின் அந்தச் சிறு குடுவையின் நான்கு துண்டுகளைப் பொருத்துவது வேறு விதமாக இருந்தது.

தராசு நிறுக்கும் முன் சொல்ல வேண்டிய மறுப்புகள் 125ஆம் மந்திரத்தில் வருகின்றன. இறந்தவர் 42 தெய்வங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்து, தான் செய்யாத குற்றங்களைச் சொல்ல வேண்டும். கொலையும் களவும் இருக்கின்றன என்பதில் வியப்பில்லை. அந்த மந்திரத்தின் தொடக்கத்தில், தராசின் எடையைக் கூட்டவில்லை, பிறர் வயலில் எல்லை தாண்டிப் பிடிக்கவில்லை, ஓடும் நீரை மறித்து அணை கட்டவில்லை என்று வரும் பகுதிதான் என்னைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தது. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டு இருபது வருடம் வழக்காடும் நம் ஊரில், இந்தச் சபைக்கு முன் நிற்கக்கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையிலேயே நான்கு வீட்டுக்காரர் நாச் சிக்கித் தடுமாறுவார்கள்.

தராசுக்கு அருகில் நாரை போன்ற ஐபிஸ் பறவையின் தலையோடு எழுதுகோல் பிடித்து நிற்பவன் தோத். என் பேத்தி கண்டவுடன், “சித்திரபுத்திரனார்!” என்று கத்தினாள். சித்திரைப் பூரணையன்று கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பதைக் கேட்டு, கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? ஒற்றுமை உண்மைதான்; இருவரும் எழுத்தர்கள், இருவரும் பொய் எழுதமாட்டார்கள். ஆனால் வேறுபாடு சிறியதன்று. நம்முடைய கணக்கர் வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு புண்ணிய பாவத்தையும் ஏட்டில் ஏற்றிக்கொண்டே வருகிறார். தோத்துக்கு அந்த வேலை இல்லை. நிறுவையின் முடிவை மட்டும் எழுதிச் சபைக்கு அறிவிக்கிறான். ஏடு எங்கே என்றால் அதுதான் தட்டில் கிடக்கும் இதயம். அவரவர் கணக்கை அவரவரே மார்புக்குள் சுமந்து வருகிறார்கள்.

அடுத்து அம்மித். முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடல், நீர்யானையின் பின்னுடல்: நைல் கரையில் மனிதரைக் கொல்லக்கூடிய மூன்று பெரிய விலங்குகளையும் ஒன்றாகத் தைத்த உருவம். தராசில் இறகோடு சரிநிறையாக நிற்காத இதயத்தை அவள் விழுங்குவாள். அதன் பின் அந்த மனிதருக்கு மறுமை கிடையாது. எகிப்தியர் இதை ‘இரண்டாம் சாவு’ என்று அஞ்சினார்கள். வேதனையைவிட இல்லாமற்போவதே அவர்களுக்குப் பெரிய தண்டனையாகப் பட்டது. அவள் வணங்கப்பட்ட தெய்வம் அல்லள். அவளுக்குக் கோயில் எடுக்கவில்லை. படத்தில் அவள் தோத்தை நோக்கித் தலையைத் திருப்பி, சமையல் முடியும் வரை அடுப்படி வாசலில் குந்தியிருக்கும் நாயைப் போலக் காத்திருக்கிறாள். இந்த இடத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

வலது பக்கம் அடுக்குவதற்கு எளிது, நிறங்களும் அங்கே அதிகம். நிறுவையில் தேறிய ஹூநெஃபரை இப்போது பருந்துத் தலை ஹோரஸ் கூட்டிச் சென்று, கூரை வேய்ந்த மண்டபத்தில் அரியணையில் வீற்றிருக்கும் தன் தந்தை ஒசிரிஸிடம் அறிமுகம் செய்கிறான். வெள்ளைத் துணியால் சுற்றிய உடல், பச்சை முகம், கையில் ஆட்டிடையனின் வளைகோலும் சவுக்கும். பச்சை மீண்டும் பயிரின் நிறமே. பின்னால் இசிஸும் நெஃப்திஸும் நிற்கிறார்கள். ஒசிரிஸுக்காகப் பருந்து வடிவெடுத்துப் புலம்பிய உடன்பிறந்த சகோதரிகள். ஒப்பாரி சொல்பவர்கள் தெய்வத்தின் அரியணைக்குப் பின்னால் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. முன்னால் மலர்ந்த தாமரையின் மேல் ஹோரஸின் நான்கு பிள்ளைகள் சின்னஞ்சிறு உருவங்களாக நிற்கிறார்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகமளவு என்பதால் அந்தத் தாமரைக்கு மட்டும் ஒரு முழுப் பின்னேரம் சென்றது.

ஒசிரிஸைப் பற்றிப் பெட்டியில் ‘பாதாள மன்னன்’ என்றிருக்கிறது. அவன் தானே கொலையுண்டு இறந்த தெய்வம் என்பதை விட்டுவிட்டு அப்படிச் சொல்வது பாதிக் கதை. கி.மு. 2350 அளவில் உனாஸ் மன்னனின் பிரமிட்டுக்குள் செதுக்கிய மந்திரங்களில், இறந்த பின் ஒசிரிஸாக மாறும் உரிமை அரசனுக்கே இருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அது அதிகாரிகளுக்கும், பிறகு சுருள் எழுதுவிக்கப் பணமுள்ள எவருக்கும் கிடைத்தது. அதனால்தான் சுருள்களில் இறந்தவர் ‘ஒசிரிஸ் இன்னார்’ என்றே அழைக்கப்படுகிறார். நீதிபதியும் இறந்தவர், வழக்காளியும் இறந்தவர், இருவருக்கும் ஒரே பெயர். ‘மேற்கில் உள்ளோரின் முதல்வன்’ என்பதும் ஒசிரிஸின் பட்டம். அது முன்பு அபிதோஸ் ஊரின் நரித் தெய்வம் ஒன்றுக்கு உரியதாக இருந்து அவனுக்கு வந்து சேர்ந்தது. சூரியன் மறையும் மேற்கே அவர்களுக்கு இறந்தோர் திசை. வள்ளுவர் தென்புலத்தார் என்று தெற்கைக் காட்டினார். அவர்கள் மேற்கைக் காட்டினார்கள். இரண்டு சமூகமும் இறந்தவரை ஒரு திசையில் குடியிருத்தி வைத்தன, ஒழித்துவிடவில்லை.

இனிக் குறைகள். முதலாவது, படத்தை வெட்டிய விதம். மூலத்தில் தீர்ப்புக் காட்சிக்கு மேலே ஒரு வரிசை இருக்கிறது. ஹூநெஃபர் முழங்காலிட்டு வணங்க, அவருக்கு எதிரே 14 தெய்வங்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். நீள அகலக் கணக்குக்காகப் புதிர் செய்தவர்கள் இந்த வரிசையை நெஞ்சளவில் அரிந்துவிட்டார்கள். மேல் ஓரம் முழுவதும் தலையில்லாத தெய்வங்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். யார் எவர் என்று அடையாளம் காட்டும் தலைகளே இல்லாமல் தெய்வங்களின் படத்தை விற்பதை என்னவென்று சொல்வது?

இரண்டாவது, பெட்டியின் பக்கவாட்டில் முத்திரை அளவில் அச்சிட்டிருக்கும் இன்னொரு காட்சி. அதே சுருளில் உள்ள வாய்திறப்புச் சடங்கு அது. கல்லறை வாசலில் பதப்படுத்திய உடலை அனுபிஸ் பின்னால் நின்று தாங்கிப் பிடிக்க, ஹூநெஃபரின் துணைவியும் மகளும் அதன் காலடியில் அழ, பூசகர்கள் நம் தச்சரின் வாய்ச்சியை ஒத்த கருவியை வாய்க்கு நேரே நீட்டுகிறார்கள். இறந்தவர் மறுமையில் உண்ணவும் மூச்சுவிடவும் பேசவும் அவர் வாயைத் திறந்துவிடும் சடங்கு. வாய்க்கரிசி இட்டுக் கைகூப்பியவர் எவருக்கும் இந்தக் காட்சியைப் பெரிதாகப் பார்க்க ஆசை வரும். இதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது. ‘மரணத் தெய்வங்கள்’ என்று தலைப்பிட்டவர்கள் எகிப்தின் பழைய நகரான தீபிஸின் மலையில் உறையும் நாக தேவதை மெரெத்செகெரைப் பற்றி ஒரு சொல்லாவது எழுதியிருக்கலாம் என்பதும் என் ஆதங்கம். ‘மௌனத்தை விரும்புபவள்’ என்று அவள் பெயருக்குப் பொருள். அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் தம் பிழைக்கு மன்னிப்புக் கேட்டு அவளுக்கு எழுதி வைத்த கற்கள் கிடைத்திருக்கின்றன. நாகதம்பிரானுக்குப் பால் வைக்கும் ஊரில் அவளுக்கு நல்ல வரவேற்பு இருந்திருக்கும்.

மூன்றாவது குறைதான் பெரியது. உள்ளே எட்டுப் பக்கத் தமிழ் இணைப்பு ஒன்று இருக்கிறது. தமிழில் ஏதோ இருக்கிறதே என்று மகிழ்ந்து படிக்கத் தொடங்கி இரண்டாம் பக்கத்தில் பென்சிலை எடுத்தேன். சுருளின் காலம் ‘கி.பி. 1275’ என்று அச்சாகியிருக்கிறது. ஒரு எழுத்துத் தவறில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் போயின. ஒசிரிஸ் ‘எகிப்தியரின் எமன்’, அனுபிஸ் ‘நரகத்தின் காவலன்’, அம்மித் ‘நரக நாய்’ என்று எழுதியிருக்கிறார்கள். தவறியவர்கள் ‘நித்திய நெருப்பில்’ விழுவார்கள் என்றும் சேர்த்திருக்கிறார்கள். அரசர்களின் கல்லறைச் சுவர்களில் சூரியன் இரவின் 12 மணி நேரமும் பாதாளத்தினூடே செல்லும் பயணத்தை விவரிக்கும் வேறு நூல்களில், சூரியனின் பகைவர் நெருப்புக் குழிகளில் வேகும் காட்சிகள் உண்டு. அவற்றை இந்தச் சபையில் கொண்டுவந்து ஒட்டுவது, சிலப்பதிகார வழக்கை மகாபாரதச் சபையில் விசாரிப்பது போன்றது. உடலிலிருந்து எடுத்த உறுப்புகளைக் காக்கும் ஹோரஸின் பிள்ளைகளும் இடம் மாறிவிட்டார்கள். மனிதத் தலை இம்செட்டி ஈரலையும், குரங்குத் தலை ஹாப்பி நுரையீரலையும், நரித்தலை துவாமுத்தெஃப் இரைப்பையையும், பருந்துத் தலை கெபெஹ்செனுவெஃப் குடலையும் காக்கிறார்கள். இணைப்பில் ஈரலும் நுரையீரலும் கைமாறியதோடு, ஹாப்பியை நைல் வெள்ளத்தின் தெய்வமாகவும் ஆக்கிவிட்டார்கள். நம் எழுத்தில் ஒரே மாதிரி வரும் வேறொரு தெய்வம் அது. எழுதியவருக்கு எமனைத் தெரியும், எகிப்தைத் தெரியாது; தெரிந்ததை வைத்துத் தெரியாததை நிரப்பிவிட்டார். படமோ பதினொரு நாளும் அதற்கு எதிராகவே பேசியது. இந்தச் சபையில் உள்ள எந்தத் தெய்வமும் யாரையும் கொல்ல வரவில்லை. இறந்துவிட்ட ஒருவரைக் கைப்பிடித்து, நிறுத்து, எழுதி, அறிமுகம் செய்து, உள்ளே விடுவதற்காகவே இத்தனை பேரும் வேலை செய்கிறார்கள். உள்ளே போனால் கிடைப்பது நாணல் வயல். 109ஆம் மந்திரத்தின்படி அங்கே வாற்கோதுமை ஐந்து முழமும் கோதுமை ஏழு முழமும் வளரும். கமக்காரர் கண்ட சொர்க்கம்.

நான்காவது குறை, ஒரு துண்டு இல்லை. பெட்டியைத் திறந்தவுடன் ஐம்பது ஐம்பதாக எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பத்தொன்பது குவியலும் மிச்சம் நாற்பத்தொன்பதும் வந்தன. பேத்தி இரண்டாம் முறை எண்ணியும் 999 தான். எந்தத் துண்டு என்பது கடைசி நாளில்தான் தெரிந்தது: அம்மித்தின் முதலை வாய். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தெய்வங்களின் கதையே துண்டுகளின் கதை. சேத் தன் தமையன் ஒசிரிஸின் உடலை 14 துண்டுகளாக்கி நாடெங்கும் எறிந்தான் என்றும், இசிஸ் படகேறித் தேடி ஒவ்வொன்றாகச் சேர்த்தாள் என்றும், ஒரு துண்டை மட்டும் மீன்கள் தின்றுவிட்டதால் அதற்குப் பதிலாக ஒன்றைத் தானே செய்தாள் என்றும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். பாப்பிரஸ்களும் தப்பவில்லை. அனி என்பவருடைய புகழ்பெற்ற சுருளை 1888இல் எகிப்தில் வாங்கிய வாலிஸ் பட்ஜ், ஏறத்தாழ 24 மீற்றர் நீளமான அதை 37 துண்டுகளாக வெட்டுவித்தார். அப்படிப் பார்த்தால் என் பெட்டியில் ஒரு துண்டு குறைந்தது மரபை ஒட்டியதே என்று சமாதானம் சொல்லலாம். 4,600 ரூபாய் கொடுத்தவருக்கு அந்தச் சமாதானம் போதாது.

கடைக்கு எண்ணிய கணக்கோடு போனேன். அதே தம்பி மரியாதையாகத்தான் பேசினார். தனித் துண்டு வரவழைக்க முடியாது, முழுப் பெட்டியையும் குலைத்துக் கொண்டுவந்தால் வேறு பெட்டி தரலாம் என்றார். பதினொரு நாள் அடுக்கியதைக் குலைக்கும் மனம் எனக்கு இருக்கவில்லை என்று சொன்னதும், பசை ஒரு போத்தலை இலவசமாகத் தந்தார். தீர்வு முழுமையானதன்று, நடத்தை நல்லது. வாங்குபவர்கள் அடுக்கத் தொடங்குமுன் எண்ணிப் பார்த்து, குறைந்தால் அன்றே திருப்பிக் கொடுப்பது நல்லது. நான் எண்ணிப் பார்த்தும், அடுக்கும் அவசரத்தில் அன்றே திருப்பிக் கொடுக்காமல் விட்டேன்.

மொத்தத்தில், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் பொறுமையுள்ள பெரியவர் ஒருவரும் உள்ள வீட்டுக்கு இதை வாங்கலாம் என்றே சொல்வேன். தமிழ் இணைப்பைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். சட்டகம் போட்டு மாட்ட விரும்புபவர்கள் மேல் ஓரத்துத் தலையில்லாத வரிசையைச் சட்டத்துக்குள் மறைத்துவிட்டால் குறை தெரியாது. வீட்டில் துக்கம் நடந்து ஆண்டுத் திவசம் முடியாதவர்கள் இந்தப் படத்தை வாங்கலாமா என்று என் தங்கை கேட்டாள். அவர்களே முதலில் வாங்க வேண்டும் என்பது என் கருத்து, ஆனால் அவள் அதை ஏற்கவில்லை.

இசிஸ் செய்தபடியே நானும் செய்யப் பார்த்தேன். பிஸ்கட் பெட்டி மட்டையில் அந்த ஒற்றை இடத்தின் அளவை எடுத்து வெட்டி, பேத்தியின் வண்ணப்பெட்டியில் பச்சையும் மண்ணிறமும் கலந்து, பற்களோடு ஒரு முதலை வாயைத் தீட்டிக் காயவைத்தேன். அதைப் பொருத்துமுன் அவளிடம் ஒன்று சொன்னேன்: இந்தத் தராசுக் காட்சி வரையப்பட்ட சுருள்கள் பல கிடைத்திருக்கின்றன, ஆனால் அவற்றில் ஒன்றிலேனும் இதயம் தோற்றதாகவோ அம்மித் ஒருவரை விழுங்குவதாகவோ வரையப்படவில்லை, காசு கொடுத்துச் சுருள் எழுதுவிப்பவர் தன் தோல்வியை வரையச் சொல்வாரா? அவள் சற்று யோசித்தாள். பிறகு, “அப்ப மூவாயிரம் வருசமா ஒண்டும் சாப்பிடாமத்தானே இருக்குது அம்மம்மா. வாய் இல்லாமலே இருக்கட்டும்” என்றாள். நான் தீட்டிய துண்டு இப்போதும் பெட்டிக்குள் தமிழ் இணைப்போடு கிடக்கிறது.